வளைந்த மாஸ்கோ, நிமிர்ந்த மாஸ்கோ: தமிழகத்தில் பதிந்த ரஷ்ய வெளியுறவு

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ரஷ்யாவின் வெளியுறவு பலமுறை திசை மாறியிருக்கிறது. குன்னூர், மகேந்திரகிரி, கூடங்குளம் ஆகிய ஊர்களின் அண்மைக்கால வரலாறு அந்தத் திருப்பங்களுக்குச் சான்றாக நிற்கிறது. அவற்றுக்கும் ரஷ்யாவின் உள்நாட்டு மாநில அரசியலுக்கும் உள்ள பிணைப்பை இச்சிறப்புக் கட்டுரை ஆராய்கிறது.

ஒரு நாடு கலைந்தால் அதன் கொடியும் கீதமும் ஒரே நாளில் மாறிவிடலாம். அது வாங்கிய கடனும் கொடுத்த கடனும் போட்ட ஒப்பந்தமும் பாதியில் நின்ற கட்டுமானமும் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. 1991 டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் ஆகிய மூன்று குடியரசுகளின் தலைவர்கள் பெலவேழாக் காட்டு மாளிகையில் கூடி, சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று கையெழுத்திட்டனர். அம்மாதம் 25ஆம் நாள் மிகயீல் கோர்பச்சேவ் பதவி விலகினார். பதினைந்து தனி நாடுகள் எழுந்தன. அவற்றுள் ரஷ்யக் கூட்டமைப்பு மட்டும் சோவியத்தின் வாரிசு நாடாக ஏற்கப்பட்டு, ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிரந்தர இடத்தையும் அணுவாயுதங்களையும் வெளிநாட்டுக் கடன்களையும் ஒப்பந்தங்களையும் தன்பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1988 நவம்பர் 20 அன்று புதுதில்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட கூடங்குளம் அணுமின் நிலைய ஒப்பந்தமும் அந்தச் சொத்துப் பட்டியலில் ஒன்று.

அந்த வாரிசு நாடு கடந்த முப்பதாண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் வெளியுறவைப் பார்ப்பதற்கு, அணு உலையோ ஏவூர்தி நிலையமோ துறைமுகமோ இல்லாத பந்தல்குடி தகுந்த இடம். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அருப்புக்கோட்டையைத் தாண்டி அமைந்த இவ்வூரைச் சுற்றி இருப்பவை மழையை நம்பிய மானாவாரிக் கரிசல், கண்மாய்களை நம்பிய கொஞ்சம் வயல், விருதுநகர் அருகே உள்ள சிமெண்ட் ஆலைக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல், அருப்புக்கோட்டையின் நூற்பாலைகளிலும் தறிகளிலும் கிடைக்கும் கூலி ஆகியவைதாம். ஆயினும் மின்சாரம், சமையல் எண்ணெய், டீசல், உரம் என்னும் நான்கு வழிகளில் மாஸ்கோவின் முடிவுகள் திருச்சுழி வட்டாரத்தின் வறண்ட நிலம் வரை வந்து சேர்கின்றன. அந்த முடிவுகளைத் தீர்மானித்தது பழைய நட்பா, கொள்கையா, காசா என்ற கேள்விக்கு விடை தேடுவோர் ரஷ்யாவின் உள்நாட்டு அரசியலைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. மாஸ்கோ தன் மாநிலங்களிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வெளிநாடுகளிடமும் விட்டுக்கொடுத்தது. மாநிலங்களை அடக்கிய பிறகு வெளியிலும் முறுக்கேறியது.

கடனுக்குத் தேயிலை

சோவியத் காலத்து உறவு தமிழகத்துக்கு ஏட்டளவில் நின்ற ஒன்றாக இருக்கவில்லை. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. சென்னை கிண்டிப் பகுதியில் அறுவைசிகிச்சைக் கருவிகள் செய்யும் ஆலையும் அவ்வாறே வந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் முதலியோரைக் கொண்டு தமிழாக்கிய நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே மிகக் குறைந்த விலைக்குச் சிற்றூர்களிலும் கிடைத்தன. ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளைக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கட்சியோடு தொடர்பில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையாகப் போட்டுக்கொண்டனர்.

இந்த உறவின் பொருளியல் அடித்தளம் ரூபாய்–ரூபிள் வணிகம் எனப்பட்ட ஏற்பாடு. டாலரோ பவுண்டோ கைமாறாமல், இரு நாடுகளும் தத்தம் பணத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, சரக்குக்குச் சரக்கு ஈடு செய்யும் முறை அது. இந்தியா போர்விமானங்களையும் பீரங்கி வண்டிகளையும் ஆலை இயந்திரங்களையும் சோவியத்திடம் கடனாக வாங்கியது. கடன் தவணையை ரூபாயாகச் செலுத்தியது. அந்த ரூபாயைக் கொண்டு சோவியத் அரசு நிறுவனங்கள் இந்தியாவிலேயே தேயிலை, தோல் பொருள், ஆயத்த ஆடை, மருந்து, புகையிலை ஆகியவற்றை வாங்கின. ஆவடியில் நின்ற பீரங்கி வண்டிக்கான விலையில் ஒரு பகுதியைக் குன்னூர் ஏலத்தில் தேயிலையாகத் திருப்பிக் கொடுத்தது நாடு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். நீலகிரித் தேயிலைக்கு மாஸ்கோ பெருவாடிக்கையாளராக இருந்ததால், தரத்தைக் கூட்டவும் வேறு சந்தை தேடவும் வேண்டிய நெருக்கடி அங்குள்ள தொழிலுக்கு நெடுங்காலம் ஏற்படவில்லை.

ஒன்றியம் கலைந்ததும் அந்தக் கணக்கு முறையும் நின்றது. சோவியத் ரூபிளின் மதிப்பு என்ன என்பதே பெரும் வழக்காயிற்று. சந்தையில் ஒரு டாலருக்குச் சில நூறு ரூபிள் என்று அதன் விலை சரிந்திருக்க, கடன்தொகையைப் பழைய அரசு விகிதத்தில் கணக்கிட வேண்டுமென்று ரஷ்யா கேட்டது. நடப்பு விகிதத்தை எடுத்துக்கொண்டால் கடன் ஏறத்தாழக் கரைந்தே போகும் என்பது இந்தியாவுக்குத் தெரிந்திருந்தது. 1993 ஜனவரியில் அதிபர் போரிஸ் எல்ட்சின் புதுதில்லிக்கு வந்தபோது இருதரப்பும் நடுவழி ஒன்றைக் கண்டன. கடனில் 63 விழுக்காட்டை 12 ஆண்டுகளில் சிறு வட்டியோடும், எஞ்சிய 37 விழுக்காட்டை 45 ஆண்டுகளில் வட்டியில்லாமலும் செலுத்துவதென்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய்க்கு இந்தியச் சரக்கை ரஷ்யா எடுத்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. தவணை தொடர்ந்து கட்டப்பட்டாலும், அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கிய காலம் திரும்பவில்லை. ரஷ்யத் தனியார் வணிகர் விலைபார்த்து வாங்கத் தொடங்கினர். தொண்ணூறுகளின் இறுதியில் பசுந்தேயிலை விலை விழுந்து நீலகிரியின் சிறுவிவசாயிகள் போராட்டத்தில் இறங்கியதற்கு இந்தச் சந்தை இழப்பும் ஒரு காரணமாக அமைந்தது.

1993: திரும்பப் பெற்ற வாக்கு

எல்ட்சினின் முதல் வெளியுறவு அமைச்சரான ஆந்திரேய் கோசிரேவ் 1996 ஜனவரி வரை பதவியில் இருந்தார். அவருடைய கொள்கைக்கு அட்லாண்டிக்வாதம் என்று பெயர். அமெரிக்காவோடும் மேற்கு ஐரோப்பாவோடும் ஒன்றிக் கலப்பதே புதிய ரஷ்யாவின் மீட்புக்கு வழி என்றும், பழைய சோவியத் நண்பர்கள் சுமையே என்றும் கருதிய பார்வை அது. பன்னாட்டு நிதியத்தின் கடனை நம்பி ஊதியம் கொடுத்த ஓர் அரசுக்கு வேறு வழியும் அதிகம் இருக்கவில்லை. இக்கொள்கையின் விலையை இந்தியா செலுத்திய இடம் கிரையோஜெனிக் இயந்திர விவகாரம்.

நீர்ம ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரி செல்சியஸிலும், நீர்ம ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியிலும் குளிர்வித்து உந்துபொருளாகப் பயன்படுத்தும் ஏவூர்தி இயந்திரமே கிரையோஜெனிக் எனப்படுகிறது. இரண்டு டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை உயரமான சுற்றுப்பாதைக்கு அனுப்ப இது தேவை. இஸ்ரோ 1991 ஜனவரியில் சோவியத்தின் கிளாவ்காஸ்மோஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம், இயந்திரங்களோடு அவற்றைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் தருவதாக உறுதியளித்தது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவுவதைத் தடுக்க 1987இல் மேற்கு நாடுகள் அமைத்துக்கொண்ட கட்டுப்பாட்டு ஏற்பாட்டை இந்த விற்பனை மீறுகிறது என்று கூறி, 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் அமெரிக்கா தடை விதித்தது. ஏவுவதற்கு முன் நீண்ட நேரம் எடுத்து எரிபொருள் நிரப்ப வேண்டிய இத்தகைய இயந்திரம் போர் ஏவுகணைக்குப் பொருந்தாது என்ற வாதம் எடுபடவில்லை.

1993 ஜூலையில் ரஷ்யா இறங்கிவந்தது. தொழில்நுட்பம் தரப்படாது, ஆயத்த இயந்திரங்கள் மட்டும் விற்கப்படும் என்று ஒப்பந்தம் திருத்தப்பட்டது. சில வாரங்களில், செப்டம்பர் மாதம், அமெரிக்காவோடு விண்வெளிக் கூட்டுறவு உடன்பாட்டில் ரஷ்யா கையெழுத்திட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இடமும், வணிக ஏவுதல் சந்தையில் நுழைவும் அதன் வழியே கிடைத்தன. மாஸ்கோ தன் பிழைப்புக்காக ஒரு வாக்கை விற்றது என்பதே இதன் சாரம்.

இந்த ஏமாற்றத்தின் மறுபக்கம் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இஸ்ரோவின் சோதனை நிலையத்தில் உள்நாட்டு இயந்திரத்தை எரித்துப் பார்க்கும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. ரஷ்யா தந்த இயந்திரங்களோடு ஜி.எஸ்.எல்.வி. முதன்முதலாக 2001 ஏப்ரலில் பறந்தது. 2010 ஏப்ரலில் உள்நாட்டு இயந்திரத்தோடு பறந்தபோது தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வென்றது. 1993இல் கைவிடப்பட்ட நாள் முதல் எண்ணினால் இருபதாண்டுக்கு மேற்பட்ட தாமதம். ஆனால் அதன் முடிவில் கையில் இருந்தது, எவரும் திரும்பப் பெற முடியாத சொந்தத் தொழில்நுட்பம்.

1998: தடையை மீறிய கையெழுத்து

கோசிரேவுக்குப் பின் வந்த எவ்கேனி பிரிமக்கோவ் மேற்காசியா குறித்துத் தேர்ச்சி பெற்ற அறிஞர். உளவுத்துறைத் தலைவராகவும் இருந்தவர். உலகம் ஒரே வல்லரசின் கையில் இருப்பதை ஏற்காமல், பல அதிகார மையங்கள் கொண்ட ‘பல்முனை உலகு’ வேண்டும் என்ற அவருடைய கோட்பாடு, ரஷ்யாவை ஐரோப்பிய நாடாக மட்டும் பார்க்காமல் ஆசிய நாடாகவும் பார்த்த யூரேசியவாதத்துக்கு அரசியல் வடிவம் தந்தது. 1998 டிசம்பரில் பிரதமராகப் புதுதில்லி வந்தபோது ரஷ்யா–இந்தியா–சீனா முக்கோணம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். இன்றைய பிரிக்ஸ் அமைப்பின் வேர்களுள் அதுவும் ஒன்று.

அந்தக் கோட்பாட்டின் முதல் பெரிய சோதனை கூடங்குளத்தில் நடந்தது. 1992இல் அணுசக்திப் பொருள் வழங்கும் நாடுகள் குழு ஒரு விதியைச் செய்திருந்தது. தன் எல்லா அணு நிலையங்களையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்குத் திறந்துவிடாத நாட்டுக்கு அணு உலை விற்கக் கூடாது என்பது அவ்விதி. இந்தியா அப்படித் திறந்துவிடவில்லை. போதாக்குறைக்கு 1998 மே 11, 13 ஆகிய நாட்களில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அமெரிக்காவும் ஜப்பானும் தடை விதித்தன. ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், ஜூன் 21 அன்று, 1988 ஒப்பந்தத்துக்குத் துணை உடன்பாடு ஒன்றில் ரஷ்யா புதுதில்லியில் கையெழுத்திட்டது. 1992 விதிக்கு முன்பே பிறந்த ஒப்பந்தத்தை அவ்விதி கட்டுப்படுத்தாது என்பது மாஸ்கோவின் சட்ட வாதம். ஐந்தாண்டு இடைவெளியில், ஒரே நாட்டிடம், ஒரே எதிர்ப்பாளரின் முன்னிலையில் ரஷ்யா இருவேறு முடிவுகளை எடுத்தது.

இந்தத் துணிவில் கொள்கைக்கு நிகராகப் பசிக்கும் பங்குண்டு. உள்நாட்டில் புதிய அணுமின் நிலையம் கட்டப் பணமில்லாமல் ரஷ்ய அணுத்தொழிலின் ஆலைகள் வேலையின்றிக் கிடந்தன. ஈரானின் புஷேர், சீனாவின் தியான்வான், தமிழகத்தின் கூடங்குளம் ஆகிய மூன்று வெளிநாட்டு வேலைகளே அத்தொழிலை உயிரோடு வைத்தன. கையெழுத்திட்ட இரண்டு மாதத்தில், 1998 ஆகஸ்டில், ரஷ்ய அரசு தன் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. ஆகவே உறுதி மட்டும் அன்று இருந்தது. உறுதியை நிறைவேற்றும் வலிமை பின்னர்தான் வந்தது. கூடங்குளத்தில் முதல் கான்கிரீட் 2002 மார்ச் 31 அன்றுதான் விழுந்தது. இடைப்பட்ட நான்காண்டுகளில் ரஷ்யாவுக்குள் நடந்தவற்றை அறியாமல் அந்தக் கான்கிரீட்டின் கதை முழுமை பெறாது.

மாஸ்கோவும் அதன் மாநிலங்களும்

ரஷ்யாவின் மாநில அலகுகள் கூட்டாட்சி உறுப்புகள் எனப்படுகின்றன. 1993 அரசமைப்பு அவற்றை 89 என எண்ணியது; ரஷ்யர் அல்லாத இனங்களின் பெயரில் அமைந்த குடியரசுகள், மாகாணங்கள், மாவட்டங்கள் என அவை பலவகைப்பட்டவை. விழுங்க முடிந்த அளவுக்கு இறையாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1990இல் தத்தாரிஸ்தானின் தலைநகர் கசானில் எல்ட்சின் கூறியது, கோர்பச்சேவுக்கு எதிரான போட்டியில் மாநிலங்களைத் தன்பக்கம் இழுக்கச் சொன்ன வார்த்தை. தத்தாரிஸ்தான் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1994 பிப்ரவரியில் மாஸ்கோவோடு சமநிலை ஒப்பந்தம் செய்து, எண்ணெய் வருவாயிலும் வரியிலும் தனிப்பங்கு பெற்றதோடு வெளிநாடுகளோடு நேரடித் தொடர்பும் வைத்துக்கொண்டது. 1998க்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய ஒப்பந்தங்களைப் பெற்றன. பேரத்துக்கு உட்படாமல் தனிநாடு கேட்ட செச்சென்யாவுக்கு 1994 டிசம்பரில் படை அனுப்பப்பட்டது.

2000 மே மாதம் அதிபராகப் பொறுப்பேற்ற விளாதிமிர் புதின் சில வாரங்களுக்குள் நாட்டை ஏழு கூட்டாட்சி மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தன் பிரதிநிதி ஒருவரை அமர்த்தினார். ஆளுநர்கள் மேலவையில் வகித்த இடத்தை இழந்தனர். இங்கு ஆளுநர் என்பவர் தில்லி நியமிக்கும் இராஜ்பவன் ஆளுநரைப் போன்றவரல்லர். மக்கள் தேர்ந்தெடுத்த, முதலமைச்சருக்கு நிகரான ஆட்சித்தலைவர். 2004 செப்டம்பரில் பெஸ்லான் நகரப் பள்ளியில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த பிறகு அவர்களுக்கான நேரடித் தேர்தலே ஒழிக்கப்பட்டது. 2012இல் தேர்தல் திரும்பியபோதும், யார் போட்டியிடலாம் என்பதை வடிகட்டும் ஏற்பாடு உடன் வந்தது. தத்தாரிஸ்தானின் ஒப்பந்தம் 2017இல் காலாவதியானது; புதுப்பிக்கப்படவில்லை.

தமிழ் வாசகருக்கு இவற்றுள் மிக நெருக்கமாகப் புரியக்கூடியது 2001இல் வந்த அரசியல் கட்சிகள் சட்டம். நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கிளை இல்லாத அமைப்பு கட்சியாகப் பதிவு பெற முடியாது என்று அது விதித்ததால், மாநிலக் கட்சி என்ற வகையே ரஷ்யச் சட்டத்தில் இல்லாமற்போனது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இருந்திருந்தால் 1967இல் சென்னைக் கோட்டையில் ஆட்சி மாறியிருக்காது. அதன்பின் தமிழகத்தை மாறிமாறி ஆண்ட எந்தக் கட்சியும் வாக்குச்சீட்டில் இடம்பெற்றிருக்காது. ஒரு மொழியின், ஒரு நிலத்தின் குறையை அதற்கென அமைந்த கட்சி தலைநகருக்கு எடுத்துச்செல்லும் வழியை ரஷ்யா இவ்வாறு அடைத்தது.

மாநிலங்களின் வரிப்பங்கு மாஸ்கோவுக்குத் திரும்பியதும், கச்சா எண்ணெய் விலை ஏறியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. வெளியுறவில் அதன் விளைவு விரைவில் தெரிந்தது. 2000 அக்டோபரில் இந்தியாவோடு உத்திசார் கூட்டாண்மைப் பிரகடனம், 2001இல் டி–90 பீரங்கி வண்டிகளுக்கான ஒப்பந்தம், 2002இல் கூடங்குளம் கான்கிரீட் என்று உறவு மறுபடியும் எழுந்தது. டி–90 வண்டிகளில் பெரும்பகுதி ஆவடியில் கோக்கப்பட்டது. அதே வலிமை ‘அண்மை வெளிநாடு’ என்று ரஷ்யர் குறிக்கும் முன்னாள் சோவியத் குடியரசுகள் மீது வேறுவிதமாகப் பாய்ந்தது. 2008இல் ஜார்ஜியாவில் போர், 2014இல் கிரைமியா இணைப்பு, 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு என அது வளர்ந்தது. ஆவடிக்கும் கூடங்குளத்துக்கும் நம்பகமான கூட்டாளியாகத் தோன்றிய அரசும், கீவ் நகரத்தின்மீது குண்டு வீசிய அரசும் ஒன்றே.

சங்கரன்கோவில் தேர்தலும் இடிந்தகரையும்

கூட்டாட்சியில் மாநிலத்தின் குரலுக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி இந்தியப் பக்கத்திலும் எழுந்தது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி அணுசக்தியும் வெளிநாட்டு ஒப்பந்தமும் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தவை. நிலமும் நீரும் காவல்துறையும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. அணு உலையை விற்பவரும் வாங்குபவரும் தில்லியிலும் மாஸ்கோவிலும் இருக்கலாம், ஆனால் கூடங்குளத்துக்கு நிலம் எடுத்துக் கொடுப்பதும் கூட்டத்தைக் கலைப்பதும் சென்னையின் வேலை. பேச்சிப்பாறை அணை நீரை உலைக்குக் கொண்டுசெல்லும் தொடக்கத் திட்டத்தைக் குமரி மாவட்ட விவசாயிகள் எதிர்த்தனர்; பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. கூடங்குளத்தின் முதல் உலை வெப்ப ஓட்டச் சோதனைக்கு வந்த வேளையில், ஆகஸ்டில், அருகிலுள்ள இடிந்தகரையில் மீனவ மக்களின் உண்ணாநோன்பு தொடங்கியது. மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்துமாறு மத்திய அரசைக் கோரி ஜெயலலிதா அமைச்சரவை செப்டம்பரில் தீர்மானம் செய்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தமிழகம் கடும் மின்பற்றாக்குறையில் தவித்தது. சென்னையில் இரண்டு மணி நேரமாக இருந்த மின்வெட்டு தென்மாவட்டங்களில் எட்டு மணி நேரத்தையும் தாண்டியது; அருப்புக்கோட்டைத் தறிகளும் பந்தல்குடிப் பகுதியின் பம்புசெட்டுகளும் கரண்ட் வரும் நேரத்துக்காகக் காத்துக்கிடந்தன; ஜெனரேட்டர் வாங்க முடிந்த ஆலை ஓடியது, முடியாத பட்டறை மூடியது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிந்தது; மறுநாளே, மார்ச் 19 அன்று, உலையைத் திறக்கலாம் என்று அதே அமைச்சரவை முடிவெடுத்ததுடன், வட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது.

ரஷ்யாவில் ஓர் ஆளுநர் ஒரு பன்னாட்டுத் திட்டத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்திருக்க முடியாது என்ற அளவில் இது இந்தியக் கூட்டாட்சியின் சிறப்பு. ஆனால் அந்தச் சிறப்பு மாநிலத் தலைநகரோடு நின்றுவிட்டது. இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது அரசத்துரோகப் பிரிவில் வழக்குகள் பாய்ந்தன. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. அதே நாளில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி தந்தது. முதல் உலை 2013 அக்டோபரில் மின்கட்டமைப்போடு இணைந்தது. 2016 ஆகஸ்டில் அதை நாட்டுக்கு ஒப்படைக்கும் நிகழ்ச்சியில் மோடி, புதின், ஜெயலலிதா ஆகிய மூவரும் காணொலியில் தோன்றினர். முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழகத்துக்கு ஒதுக்கப்பட்டது 925 மெகாவாட். மின்சாரத்துக்காகக் காத்திருந்த கரிசல் காட்டுச் சிற்றூருக்கும், கடலுக்காக அஞ்சிய மீனவச் சிற்றூருக்கும் இடையே நின்று தீர்ப்புச் சொல்லும் வேலையை மாநில அரசு தேர்தல் நாட்காட்டியைப் பார்த்துச் செய்தது என்ற குறை இன்றும் நீடிக்கிறது.

2022க்குப் பிறகு: எண்ணெய், ரூபாய், வரி

உக்ரைன் போர் தொடங்கியபோது தமிழகத்துக்கு முதலில் வந்த செய்தி, அங்கே மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளை மீட்பது பற்றியது. அடுத்து வந்தது சூரியகாந்தி எண்ணெய் விலை. இந்தியா வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்தும் அடுத்த பங்கு ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும், எண்ணெய்ச் சந்தைக்குப் பெயர்பெற்ற விருதுநகரிலிருந்து பந்தல்குடி மளிகைக்கடை வரை பாக்கெட் விலை ஏறியது. பின்னர் ரஷ்யாவே முதன்மை வழங்குநராகி அந்த இடத்தைப் பிடித்தது. கரிசலில் விளையும் சூரியகாந்திக்கு உறுதியான விலை கிடைக்காத ஒரு வட்டாரம், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விளைந்த சூரியகாந்தியின் விலையேற்றத்தைச் சுமந்தது என்பதில் நாட்டின் எண்ணெய்வித்துக் கொள்கையின் குறை தெரிகிறது.

மேற்கு நாடுகள் வாங்க மறுத்த ரஷ்யக் கச்சா எண்ணெயைத் தள்ளுபடி விலைக்கு இந்தியா வாங்கத் தொடங்கியது. போருக்கு முன் மொத்த இறக்குமதியில் ஏறத்தாழ 2 விழுக்காடாக இருந்த அதன் பங்கு, 2023–24இல் மூன்றில் ஒன்றைக் கடந்தது. பணம் செலுத்துவதில் சிக்கல் எழுந்ததால், பன்னாட்டு வணிகத்தை ரூபாயில் முடித்துக்கொள்ள 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வழிசெய்தது. முப்பதாண்டுக்கு முன் மூடிய கணக்கேடு மறுபடி திறந்தது; ஆனால் இம்முறை நிலை தலைகீழ். இந்திய வங்கிகளில் பெருந்தொகையான ரூபாய் தேங்கிக் கிடக்கிறது, அதைச் செலவிட வழி தெரியவில்லை என்று 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கேய் லாவ்ரோவ் வெளிப்படையாகவே சொன்னார். 2024–25இல் இருநாட்டு வணிகம் ஏறத்தாழ 6,870 கோடி டாலரை எட்டியது. அதில் இந்திய ஏற்றுமதி 500 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. முன்பு பீரங்கி வண்டிக்கு ஈடாகத் தேயிலை போயிற்று. இன்று எண்ணெய்க்கு ஈடாகப் போகும் அளவுக்கு ரஷ்யா விரும்பும் சரக்கு இந்தியாவிடம் இல்லை.

2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 விழுக்காடு வரி விதித்து, மொத்த வரியை 50 விழுக்காடாக்கியது. எண்ணெயைப் பெருமளவில் வாங்கியவை குஜராத் கடற்கரைச் சுத்திகரிப்பாலைகள். வரியின் அடி விழுந்த இடங்களில் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் முன்வரிசையில் நின்றது. வெளியுறவு தில்லியின் தனியதிகாரம் என்றாலும், அதன் இலாபமும் நட்டமும் ஒரே மாநிலத்தில் விழுவதில்லை என்பதை இந்த நிகழ்வு துலக்கமாகக் காட்டியது.

சென்னையிலிருந்து விளாதிவஸ்தோக்

ஐரோப்பாவின் கதவு சாத்தப்பட்ட பிறகு ரஷ்யா கிழக்கே திரும்பியிருக்கிறது. 2019 செப்டம்பரில் விளாதிவஸ்தோக் நகரில் நடந்த கிழக்குப் பொருளாதார மன்றத்தில் மோடி பங்கேற்றபோது, சென்னைக்கும் அந்நகருக்கும் இடையே கடல்வழி அமைக்கும் விருப்ப ஒப்பந்தம் கையெழுத்தானது. மும்பையிலிருந்து சூயஸ் வழியாகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் செல்ல ஏறத்தாழ 40 நாள் ஆகுமென்றும், சென்னை–விளாதிவஸ்தோக் வழியில் ஏறத்தாழ 24 நாள் போதும் என்றும் அரசு கணக்கிட்டது. ரஷ்ய நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டும் எண்பது இலட்சம் அளவிலேயே மக்கள் வாழும் தூரக்கிழக்கு மண்டலத்தின் நிலக்கரி, எண்ணெய், உரம், மரம் ஆகியவையே அங்கிருந்து வரக்கூடிய சரக்கு.

அந்தத் துறைமுகத்தின் அரசியலையும் அறிந்தே அந்த வழியில் முதலீடு செய்ய வேண்டும். விளாதிவஸ்தோக்கைத் தலைநகராகக் கொண்ட பிரிமோரியே மாநிலத்தில் 2018 செப்டம்பரில் ஆளுநர் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. வாக்கு எண்ணிக்கையில் முன்னிலையில் இருந்த கம்யூனிஸ்டு வேட்பாளர் கடைசிக் கட்டத்தில் பின்தங்கியதும் மக்கள் தெருவுக்கு வந்தனர்; தேர்தலே செல்லாதென அறிவிக்கப்பட்டது; டிசம்பரில் நடந்த மறுதேர்தலில் அவரால் வேட்பாளராகப் பதிவு பெற முடியவில்லை, மாஸ்கோ அனுப்பிய ஒலெக் கோழெமியாக்கோ வென்றார். அண்டை மாநிலமான கபாரவ்ஸ்க்கில் அதே ஆண்டு ஆளுங்கட்சியைத் தோற்கடித்த செர்கேய் ஃபுர்கால் 2020 ஜூலையில் கைதானார்; பெருந்திரளான மக்கள் மாதக்கணக்கில் ஊர்வலம் சென்றும் அவர் திரும்பவில்லை. கம்யூனிசத்துக்குப் பின் ரஷ்யா பெற்ற வளர்ச்சி, மாநிலங்களுக்குச் சந்தையைத் திறந்து, வாக்கின் வலிமையைக் குறைத்த வளர்ச்சி. இந்தியா எவரோடு ஒப்பந்தம் செய்தாலும் அங்கே முடிவெடுப்பவர் ஒருவரே என்பதால் வேலை வேகமாக நடக்கும். அந்த ஒருவரின் கணக்கு மாறினால் தடுத்துச் சொல்ல உள்ளே எவரும் இருக்கமாட்டார் என்பதும் அதே காரணத்தால் விளையும் இடர்.

விட்டுப்போன விதி

1988 ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. உலையில் எரிந்து முடிந்த யுரேனியக் கோல்கள் சோவியத் ஒன்றியத்துக்கே திருப்பி அனுப்பப்படும் என்பது அது. பல்லாயிரம் ஆண்டுகள் கதிர்வீச்சுள்ளதாக இருக்கும் அந்தக் கழிவை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் எந்த அணுமின் திட்டத்திலும் மிகக் கடினமான கேள்வி. ஒன்றியம் கலைந்து, ஒப்பந்தம் மறுபடி எழுதப்பட்டபோது, கழிவு எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்வதென்று அவ்விதி மாறியது. மறுசுழற்சி செய்து புளூட்டோனியம் எடுக்க விரும்பிய இந்திய அணுசக்தித் துறைக்கு அது இலாபமாகவும், ரஷ்யாவுக்குச் சுமை குறைவாகவும் தோன்றியிருக்கலாம். கூடங்குளத்தைச் சுற்றி வாழ்பவர்களிடமும் தமிழக அரசிடமும் அதுபற்றி எவரும் கருத்துக் கேட்டதாகப் பொதுப்பதிவில் இல்லை.

2022 பிப்ரவரியில், ரஷ்யப் படைகள் உக்ரைன் எல்லையில் குவிந்திருந்த அதே மாதத்தில், கூடங்குளம் வளாகத்துக்குள் உலைக்கு வெளியே கழிவு எரிபொருள் சேமிப்பகம் அமைக்கும் திட்டத்தைக் கைவிட்டு, கழிவை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டுமென்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முதல் இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருக்க, மூன்று முதல் ஆறு வரையிலான நான்கு உலைகள் கட்டப்பட்டு வருவதால், கழிவின் அளவு இனி மும்மடங்காகும் என்பதும் அக்கோரிக்கையின் பின்னணியில் உண்டு.

பதினைந்து நாடாக உடைந்த ஒரு பேரரசின் கடனைத் தேயிலையாலும், அதன் தளர்ச்சியை மகேந்திரகிரியின் இருபதாண்டு உழைப்பாலும், அதன் மீட்சியைக் கூடங்குளத்தின் மின்சாரத்தாலும் தமிழகம் கணக்குத் தீர்த்திருக்கிறது. தீராமல் நிற்பது இந்தக் கழிவுக் கணக்கு ஒன்றே. ஏழாவது எட்டாவது உலைக்கோ, வேறு நாட்டோடு செய்யும் வேறு ஒப்பந்தத்துக்கோ கையெழுத்திடுமுன், நிலமும் நீரும் தரவேண்டிய மாநிலத்தின் சட்டமன்றத்தில் அதன் விதிகளை வைத்து விவாதிக்க வேண்டும் என்று அரசமைப்பு கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. மாநிலக் குரலை ஒடுக்கிய கூட்டாட்சி எங்கே போய் முடிந்தது என்பதற்கு ரஷ்யா கண்முன் இருக்கும்போது, அந்த விவாதத்தைத் தானே முன்வந்து தொடங்குவது தில்லிக்கும் நல்லது.